காசோஸுக்கு ஒரு கம்பளிக் கோட்

பஞ்சலிங்கம் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாரம் பிள்ளைகள் இருவரும் எடிசன் நகரில் இருந்த வீட்டுக்கு வந்து கேக் வெட்டினார்கள். பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் கொதிகலனையும் ஏசியையும் இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். அந்தக் கட்டடத்துக்கு மூன்று கம்பனிகள் வந்து போயின. நான்காவது வந்தபோதும் அடித்தளத்தில் இவர்தான் இருந்தார்.

"அப்பா, யூ பிக் எ பிளேஸ். எனி பிளேஸ். டிக்கெட் எங்கட கிஃப்ட்" என்றாள் மகள் தர்சனா.

அதற்கு என்ன பதில் வரும் என்று அவர் மனைவி வசந்தமலருக்குத் தெரியும். 'ஒண்டும் வேண்டாம், உங்கட காசை நீங்கள் வச்சிருங்கோ' என்பார். பிறகு எழுந்து போய் எல்லோருடைய தட்டையும் கழுவுவார். முப்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவர் வாயைத் திறந்து தனக்கென்று எதையும் கேட்டதில்லை. தும்மல் ஒன்றுதான் அவரிடமிருந்து சத்தமாக வருவது.

பஞ்சலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார். "காசோஸ்" என்றார்.

"மெக்சிகோவா?" என்றான் மகன் அபிராம்.

"கிரீஸ். ஒரு தீவு. சின்னன்."

அபிராம் ஃபோனில் தேடினான். வரைபடத்தை விரலால் விரித்து விரித்துப் போனபிறகு, கிரீட்டுக்குக் கிழக்கே ஒரு பருக்கை தெரிந்தது. "அப்பா, தேர் இஸ் நத்திங் தேர். சான்டோரினி போங்கோ. எல்லாரும் அங்கதான் போறது."

"சான்டோரினியில எனக்கு ஆரையும் தெரியாது."

"காசோஸில ஆரைத் தெரியும்?" என்று வசந்தமலர் கேட்டாள்.

"ஒராளைத் தெரியும். இப்ப இருக்கிறாரோ தெரியேல்ல" என்றுவிட்டு, தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

அவருடைய இளமைக்காலம் பற்றி வசந்தமலருக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று வாக்கியம். பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன்கள் பலரைப்போல இருபது வயதில் கிரீஸுக்குப் போய்க் கப்பலில் சேர்ந்தார். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. எண்பத்துநாலில் நியூவார்க்கில் 'இறங்கினார்'. அந்த 'இறங்கினார்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் ஆட்கள் எவரும் எவரையும் கேட்பதில்லை. பின்னால் அகதி விண்ணப்பம், கிரீன் கார்ட், கோப்பாயில் இருந்து புகைப்படத்தில் பார்த்துத் தெரிந்தெடுத்த பெண் என்று வாழ்க்கை ஒழுங்குக்கு வந்துவிட்டது. வந்த பெண் ஆஸ்பத்திரி லாப்பில் ரத்தம் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். ஊசி குத்துகிற நேரத்தில் ஆட்களின் முகத்தைப் பார்த்தே பாதிக் கதையை அறிந்துகொள்வாள். தன் புருசன் முகத்தை மட்டும் அவளால் வாசிக்க முடிந்ததில்லை.

செப்டம்பரில் பயணம். புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டியைத் திறந்தவள் திகைத்துப்போனாள். பெட்டியின் பாதியை ஒரு கம்பளிக் கோட் பிடித்திருந்தது. பிறவுண் நிறம், முழங்கால் வரை நீளம், விலைச்சீட்டுக்கூட வெட்டப்படவில்லை. அவருடைய அளவும் இல்லை. இரண்டு பஞ்சலிங்கம் உள்ளே போகலாம்.

"என்னப்பா இது? அங்க இப்ப வெய்யில் கொளுத்துதாம். உந்தக் கோட் என்னத்துக்கு?"

"கிடக்கட்டும்."

"என்ர சுடிதார் ரெண்டை எடுத்து வெளியில வச்சிட்டியள்!"

"அதைக் கையில கொண்டு வாறன். கோட் பெட்டிக்கதான் வரவேணும்" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் மேலே கேட்கவில்லை. சுடிதார்கள் தோள்பையில் ஏறின.

ஏதென்ஸ், ரோட்ஸ், கார்ப்பாத்தோஸ் என்று விமானம் மாற மாற விமானமும் சிறுத்துக்கொண்டே வந்தது. கார்ப்பாத்தோஸிலிருந்து காசோஸுக்கு வெறும் ஐந்து நிமிடம். வசந்தமலர் பெல்ட்டைப் போட்டு நிமிர்வதற்குள் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இறங்கினால் காற்று. மொட்டை மலைகள், ஆடுகள், நீலமான கடல். மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கண்ணில் படவில்லை. 'இதுக்கோ இவ்வளவு தூரம்' என்று நினைத்தவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

துறைமுக ஊரின் பெயர் ஃப்ரீ. தங்கும் அறைகள் கலியோபி என்ற பெண்ணுடையவை. அறுபது வயதுக்காரி, பால்டிமோரில் பதினைந்து வருடம் ஒரு டைனரில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் ஆங்கிலம் ஓடியது. அவள் அறைச் சாவியை நீட்டி, "கிளிதி" என்றாள். பஞ்சலிங்கம் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன?"

"கிளிதி எண்டா எனக்கு ஸ்பேனர் மட்டும்தான் தெரியும். 'கிளிதி கொண்டா, கிளிதி கொண்டா' எண்டு நாள் முழுக்கக் கத்துவாங்கள். அது சாவிக்கும் பேர் எண்டு இப்பதான் தெரியுது."

அவருக்குக் கிரேக்க மொழி தெரியும் என்பதே வசந்தமலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அது ஒரு விசித்திரமான கிரேக்கம். எண்ணெய், நீராவி, மரை, சூடு, சீக்கிரம், மெதுவாக, மூடு, திற. இவை எல்லாம் வந்தன. 'நன்றி' வரவில்லை. 'தயவுசெய்து' வரவேயில்லை. எஞ்சின் அறையில் அந்தச் சொற்களை யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்போலும்.

அடுத்த மூன்று நாளும் வாடகைக் கார் ஒன்றில் தீவைச் சுற்றினார்கள். தீவில் மொத்தம் ஐந்து ஊர்கள். அகியா மரினாவில் பழைய கப்டின்மாரின் வீடுகள். சிலவற்றில் கதவுக்கு மேலே இன்னும் கப்பல் படம், சிலவற்றுக்குக் கூரையே இல்லை. பனாகியாவில் ஆறு சின்னக் கோயில்கள் ஒன்றையொன்று ஒட்டி, வெள்ளைப் பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல வரிசையாக நின்றன. வசந்தமலர் ஆறு கோயிலுக்குள்ளும் போய்க் கும்பிட்டாள். "என்ன சாமியெண்டு தெரியாமலே கும்பிடுறீர்" என்றார் பஞ்சலிங்கம். "ஆருக்கோ போய்ச் சேரும்" என்றாள் அவள். போலி என்ற மலையூரில், கதவைத் தட்டாமலே ஒரு கிழவர் வெளியே வந்து ஒரு தட்டு அத்திப்பழம் தந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் பஞ்சலிங்கம் எழும்ப நேரமாகும். இரண்டாம் நாள் காலை, கலியோபி வைக்கோல் தொப்பியும் நீச்சலுடையுமாக முற்றத்தில் வந்து நின்று, "எம்போரியோஸுக்கு வா, ஐந்து நிமிடம்" என்று கூப்பிட்டாள். ஊர் விளிம்பில் இருந்த சின்னக் கடற்கரை அது. அங்கே நாலைந்து பெண்கள், எல்லோரும் தொப்பியோடு, கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நீந்துவதாக யாருக்கும் உத்தேசம் இல்லை. நம் ஆட்கள் கோயில் வாசலில் நின்று கதைப்பதை அவர்கள் தண்ணீருக்குள் நின்று கதைத்தார்கள், அவ்வளவுதான்.

வசந்தமலர் சிறுவயதில் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். கால் நனைத்திருக்கிறாள். அதற்குமேல் போனதில்லை, வளர்ந்த பெட்டைகள் போவதில்லை. இங்கே கேட்பார் யாரும் இல்லை. சுடிதாரோடு இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது துணி பலூன் மாதிரி ஊதிக்கொண்டு மேலே வந்தது. பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள். எத்தனை பிள்ளைகள், கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் இன்னும் ஆகவில்லை என்று கலியோபி மூலம் விசாரணை நடந்தது. எடிசனில் கேட்கும் அதே கேள்விகள்தான். தண்ணீருக்குள் நின்று கேட்கும்போது கோபம் வரவில்லை.

"உன் புருசன் எதற்குக் காசோஸ் வந்தார்?" என்று தொப்பி தந்தவள் கேட்டாள்.

"ஒரு ஆளைப் பார்க்க" என்றாள் வசந்தமலர்.

"யாரை?"

"அவர் இன்னும் எனக்கே சொல்லவில்லை."

அந்தப் பதிலை மொழிபெயர்த்ததும் வட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அம்முவா கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, வசந்தமலர் சுற்றுலா வரைபடத்தை மடியில் விரித்தாள்.

"அஞ்சு ஊர். நாலு ஊர் பாத்திட்டம். ரெண்டு தரம் அகியா மரினாவுக்குப் போனம். உந்த அர்வனித்தோஹோரி றோட்டு வந்தா மட்டும் நீங்கள் மற்றப் பக்கம் திருப்புறியள். ஏனப்பா?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று மணலை அள்ளி அவர் காலில் போட்டது.

"மினாஸின்ர ஊர் அது" என்றார் கடைசியில். "எங்கட ரெண்டாம் எஞ்சினியர். காசோஸ், காசோஸ் எண்டு சாகிறவர். எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் 'இதுவும் ஒரு கடலா' எண்டுவார்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். எண்பத்துநாலு ஜனவரி. கப்பல் நியூவார்க்கில் நின்றது. ஊர்ப் பெடியன் ஒருவன் துறைமுகக் கேற்றுக்கு வெளியே காரோடு காத்திருப்பதாக ஏற்பாடு.

"வீட்டுக்கு ஒரு ஃபோன் கோல் எடுக்கவேணும், ரெண்டு மணித்தியாலத்தில வாறன் எண்டு மினாஸிட்டப் பொய் சொன்னன். வெளியில ஸ்னோ கொட்டுது. என்னட்ட ஒரு சுவெட்டர்தான் இருந்தது. அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். தன்ர கோட்டைக் கழட்டித் தந்தார். பிறவுண் கோட். ரெண்டு விரலைக் காட்டினார், ரெண்டு மணித்தியாலம் எண்டு. நான் அந்தக் கோட்டோடயே போயிட்டன், மலர்."

அவள் வரைபடத்தை மடித்து வைத்தாள்.

"ஆள் ஓடினா லீவு குடுத்தவரைத்தான் கப்டின் பிடிப்பான். வேலை போச்சுதோ என்னவோ. அந்தக் குளிருக்க கோட் இல்லாமல் அத்லாந்திக்கைக் கடந்திருப்பார். நான் அதைப் போட்டுக்கொண்டு நாலு விண்டர் வேலை தேடித் திரிஞ்சனான்."

"இதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"என்னெண்டு சொல்லுறது? உம்மட புருசன் ஒரு கோட் கள்ளன் எண்டோ?"

வசந்தமலருக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. "சரி. நாளைக்கு அந்த ஊருக்குப் போவம்" என்றாள்.

"நாளைக்கு ஹெலாத்ரோஸ் எண்டொரு பீச் இருக்காம். அதைப் பாத்திட்டு நாளையிண்டைக்குப் போவம்" என்றார். நாற்பது வருடம் பொறுத்தவருக்கு ஒரு நாள் ஒன்றும் பெரிதில்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஹெலாத்ரோஸ் கடற்கரை, தீவின் மறுபக்கத்தில் இருந்தது. மலை ஏறி, ஒரு மடத்தைக் கடந்து, கல்லும் தூசியுமான பாதையில் கீழே இறங்க வேண்டும். பாதி இறக்கத்தில் கார் 'டப்' என்றது. முன் டயர் ஒன்று கிழிந்து கிடந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. வெயில் தலையைப் பிளந்தது. இருநூறு ஆடுகளும் அவற்றின் சொந்தக்காரன் ஒருவனும் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பஞ்சலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டு ஜாக்கை எடுத்தார். இயந்திரம் என்றால் அவருக்குப் பதற்றம் கிடையாது. நாலு நட்டு கழன்றது. ஐந்தாவது கழலவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். அசையவில்லை. மறுபடி ஏறி ஒரு உதை உதைத்தார். ஸ்பேனர் வழுக்கி, அவர் முழங்கை பாறையில் போய் அடித்தது.

அப்போதுதான் அது வந்தது. முதலில் "காய்தரே!" என்று ஒரு சத்தம். கழுதையே என்று அர்த்தமாம். அதைத் தொடர்ந்து கிரேக்கத்தில் ஒரு வெள்ளம். நட்டை, நட்டைச் செய்தவனை, அவன் தாயை, அவன் குலத்தை, அவன் கும்பிடும் தெய்வங்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துத் திட்டினார். குரலே வேறு. இரும்புத் தளத்தில், இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி கத்திப் பழகிய இருபத்துநாலு வயசுக் குரல். மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. ஒரு சொல்லும் புரியாவிட்டாலும், ஒவ்வொரு சொல்லும் என்ன மாதிரிச் சொல் என்று வசந்தமலருக்கு விளங்கியது.

மேட்டில் ஆட்டுக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்கு எழும்ப முடியவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, இருவருமாக ஸ்பேனரில் ஏறி நின்று, நட்டைக் கழற்றினார்கள்.

"இவ்வளவு வாயையும் எங்கயப்பா வச்சிருந்தனீங்கள்?" என்று காரில் ஏறியதும் வசந்தமலர் கேட்டாள். "ஒருநாளாவது அபிராமை 'டேய்' எண்டு சத்தம் போட்டிருப்பியளோ? எல்லாத்துக்கும் நான்தானே கத்திக் கத்தித் தொண்டை போனது!"

"தமிழில எனக்கு வராது" என்றார் பஞ்சலிங்கம், வெட்கப்பட்டு.

அவள் கடற்கரை வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். ஹெலாத்ரோஸில் மனிதர் யாரும் இல்லை. கூழாங்கல்லில் அலை உருண்டு வடிகிற சத்தம் மட்டும். இருவரும் பாண் துண்டும் தக்காளியும் சீஸும் சாப்பிட்டுவிட்டு, பாறை நிழலில் ஒரு மணி நேரம் தூங்கினார்கள். வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் பகலில் தூங்கி எத்தனை வருடம் இருக்கும் என்று அவள் கணக்குப் பார்த்தாள். கணக்கு முடியும் முன் தூக்கம் வந்துவிட்டது.

ஆயிரம் பேர் வாழ்கிற தீவில் ஆட்டுக்காரன் சும்மா இருப்பானா? சாயங்காலத்துக்குள் செய்தி மலையிறங்கி ஃப்ரீக்கு வந்துவிட்டது. 'நெற்றியில் பொட்டு வைத்த அந்த அம்மாவுடைய புருசன், பழைய கப்பல்காரன் மாதிரித் திட்டுகிறான். அந்தத் திட்டெல்லாம் இப்போது யாருக்கும் தெரியாது' என்று தேநீர்க் கடையில் பேச்சாம். கலியோபி இரவுச் சாப்பாட்டை வைக்கும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலை பஞ்சலிங்கம் இடுப்பில் சாறத்தோடு, வாயில் பற்தூரிகையோடு முற்றத்துக்கு வந்தார். திராட்சைப் பந்தலின் கீழே நாற்காலியில் ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் அகலம், மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. எண்பதைத் தாண்டிய வயது.

முதியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ராஜா?" என்று கேட்டார்.

பற்தூரிகை கீழே விழுந்தது. கப்பலில் தமிழ்ப் பெயர்கள் கிரேக்கர் வாயில் நுழையாது. ஆகவே எல்லாப் பெடியன்களும் ராஜாதான். மேலே ஒரு ராஜா, கீழே ஒரு ராஜா, சமையலறையில் ஒரு ராஜா.

"மினாஸ்" என்றார் பஞ்சலிங்கம். மலையில் திட்டிய செய்தி அர்வனித்தோஹோரிவரை போயிருக்கிறது. கலியோபியைக் கூப்பிட்டார்கள். இவர் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் கிரேக்கத்தில் சொல்ல, விசாரணை தொடங்கியது.

"நான் நியூவார்க்கில் இறங்கிய ராஜா."

"நியூவார்க்கில் மட்டும் நாலு ராஜாக்கள் ஓடினார்கள். ஹூஸ்டனில் மூன்று. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்."

பஞ்சலிங்கம் உள்ளே ஓடிப்போய்க் கோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். பனியை, இரண்டு விரலை, பொய்யை எல்லாம் சொன்னார். மினாஸ் கம்பளியைத் தடவிப் பார்த்தார். உள்பக்கத்தைப் பார்த்தார். விலைச்சீட்டையும் பார்த்தார்.

"கோட் ஞாபகம் இருக்கிறது" என்றார். "பிரேயஸில் என் மனைவி வாங்கித் தந்தது. அதை நீராவிக் குழாயில் போட்டேன், எரிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். சாகும்வரை அவள் நம்பவில்லை. உன்னைத்தான் ஞாபகம் இல்லை."

"என்னவாம்?" என்று வசந்தமலர் கேட்டாள்.

"கோட் ஞாபகமாம். நான் ஞாபகமில்லையாம்" என்று பஞ்சலிங்கம் தமிழில் சொன்னார். அவர் முகத்தை அவள் பார்த்தாள். ஊசி குத்தியதும் சிலர் 'முடிஞ்சுதா, இவ்வளவுதானா' என்று ஏமாந்து பார்ப்பார்களே, அப்படி இருந்தது. நாற்பது வருடமாக ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தவருக்கு, அந்த மனிதருக்குத் தன்னைத் தெரியவே தெரியாது என்றால் எப்படி இருக்கும்?

"உங்களுக்கு வேலை போகவில்லையா?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"எதற்குப் போகும்? கப்டின் ஒரு நாள் கத்தினான். அடுத்த துறைமுகத்தில் வேறு இரண்டு பேர் வந்தார்கள்." மினாஸ் கைத்தடியால் தரையைக் குத்தினார். "ஆனால் ஒரு நியூவார்க் பயணம் எனக்கு மறக்காது. பனிக்காலம். எவனோ ஒரு கழுதை, கப்பலுக்குள் தண்ணீரை ஏற்றி இறக்குகிற இரண்டாம் நம்பர் பம்பை அக்கு அக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். நட்டுகள் எல்லாம் ஒரு டின்னுக்குள். எந்த டின் என்று ஒருவனுக்கும் தெரியாது. பதினொரு நாள் தேடினோம். பதினொரு நாள்! கப்பல் சரிந்துகொண்டே போய்ச் சேர்ந்தது."

கலியோபி இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே பஞ்சலிங்கத்தின் வாய் திறந்துவிட்டது. அவருக்கே மறந்துபோயிருந்த விஷயம், எங்கோ அடியில் இருந்து மேலே வந்தது.

"கோப்பி டின்" என்றார். "மேல் தட்டில். வலது பக்கம்."

கலியோபி அதை மொழிபெயர்த்தாள். கைத்தடியை ஊன்றி, மினாஸ் மெல்ல எழுந்தார். எழுந்து நின்றபோதுதான் அவர் எவ்வளவு உயரம் என்று தெரிந்தது.

"அந்த ராஜாவா நீ!"

பிறகு திட்டத் தொடங்கினார். நேற்று மலையில் கேட்ட அதே சொற்கள். ஆனால் இது மூலப்பிரதி. பம்பை, டின்னை, கோப்பியை, இவருடைய தகப்பனை, பதினொரு நாளில் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகத் திட்டினார். கலியோபி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பஞ்சலிங்கம் சாறத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒவ்வொரு திட்டுக்கும் "ஓம், ஓம்" என்று தமிழில் ஒப்புக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் ஓடியது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இப்படி மலர்ந்து வசந்தமலர் பார்த்ததில்லை.

மூச்சு வாங்கியதும் மினாஸ் உட்கார்ந்தார். கோப்பி கேட்டார். குடித்துவிட்டுக் கோட்டைப் போட்டுப் பார்த்தார். அந்த வெயிலில், முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டோடு, நெற்றி வியர்க்க வியர்க்கக் கால் மணி நேரம் இருந்தார். "இங்கே ஜனவரியில் படகு வராது. காற்று ஆளைத் தூக்கும். இது உதவும்" என்றார். "அவள் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்."

அன்றைக்கு மத்தியானம் அர்வனித்தோஹோரிக்குப் போனார்கள். அவர் மகள் வீட்டில், சுண்டுவிரல் அளவுக்குத் திராட்சை இலையில் சுருட்டிய சோறு சமைத்திருந்தார்கள். வசந்தமலர் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, ஒன்றைச் சுருட்ட எவ்வளவு நேரம் என்று கேட்டாள். மகள் அவளை அடுப்படிக்கு அழைத்துப்போய்ச் சுருட்டக் காட்டினாள். வெளியே ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்றால், ஒருவர் ஒரு இயந்திரத்தின் பெயரைச் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார்.

மிச்ச இரண்டு நாளும் கலியோபியின் கூட்டாளி ஒருவன் படகில் ஆளில்லாத ஒரு குட்டித் தீவுக்கு அழைத்துப் போனான். அங்கே மணல் பால் போல வெள்ளை. பஞ்சலிங்கம் நீந்தினார். வசந்தமலர் கழுத்தளவில் நின்றாள். வட்டமாக நிற்க ஆட்கள் இல்லாததால் தனியாகவே நின்று, கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடிசனுக்குத் திரும்பி வந்த இரண்டாவது ஞாயிறு, பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனார்கள். கும்பிட்டுவிட்டுக் கன்டீனில் தோசை வாங்கி உட்கார்ந்தபோது, மகாதேவனும் அவன் மனைவி சண்முகப்ரியாவும் வந்து பக்கத்தில் இருந்தார்கள். சென்னைக்காரர்கள், சாஃப்ட்வேர் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு.

"அங்கிள், கிரீஸ் போனீங்களாமே? சான்டோரினி செமயா இருந்திருக்குமே?" என்றான் மகாதேவன்.

"சான்டோரினிக்குப் போகேல்ல. வேற ஒரு இடம்" என்றார் பஞ்சலிங்கம்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் பேச்சு முடிந்துவிடும். மிச்சத்தை வசந்தமலர் பார்த்துக்கொள்வாள். அவளும் அதற்காக வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "தம்பி, நான் எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

மகாதேவன் தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தான். பன்னிரண்டு வருடமாகக் கிரீன் கார்ட் வரிசையில் நிற்பவனுக்கு அந்தக் கேள்வி சும்மா போகாது. "நீங்க எல்லாம் அந்தக் காலத்துலயே அப்ளை பண்ணி வந்திருப்பீங்க அங்கிள். எங்களுக்குத்தான் இந்தத் தலையெழுத்து."

"நான் ஒண்டும் அப்ளை பண்ணேல்ல. கப்பலில இருந்து ஓடி வந்தனான்" என்றார்.

அடுத்த மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தமலர் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிள்ளைகளுக்கே சொல்லாத விஷயம் அது. ஆனால் அவர் குரலில் கூச்சம் இல்லை. கோயில் கன்டீனில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதுமில்லை.

சண்முகப்ரியா நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டாள். "அய்யோ அங்கிள், முதல்ல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும்."

வசந்தமலர் எழுந்து காபி வரிசைக்குப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. நாலு காபியோடு திரும்பி வந்தபோது, மேசையைச் சுற்றி இன்னும் இரண்டு பேர் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதையில் பஞ்சலிங்கம் அப்போதும் பிரேயஸ் துறைமுகத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், கப்பலில்கூட ஏறவில்லை. அவள் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, கேட்க உட்கார்ந்தாள்.